டாக்டர் பதில்களும் பெண்ணுடம்பும்: சில குறிப்புகள்

1

வெகுஜனப் பத்திரிகைகளில் 'டாக்டர் பதில்கள்' என்றொரு பகுதி வரும். இலக்கியவாதிகள் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இயக்கத் தோழர்களுக்கு அது வணிகக் குப்பை. நம் கவிதைத் தொகுப்புகள் முன்னூறு, ஐந்நூறு பிரதி போனால் அதிகம். தமிழில் பெண்ணுடம்பு பற்றி அதிகம் பேர், அதிலும் அதிகம் பெண்கள், வாசித்த எழுத்து இந்தக் கேள்வி-பதிலாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். எனவே இதை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிப்போம்.

கேள்விக்கு ஓர் இலக்கணம் உண்டு. வயது, கல்யாணமாகி எத்தனை வருஷம், எத்தனை குழந்தை... இந்த மூன்றையும் சொல்லி முடித்த பிறகே பிரச்சினை வரும். கல்யாணமாகாதவள் என்றால் 'வரும் தையில் திருமணம் நிச்சயமாகியுள்ளது' என்று ஓர் உத்தரவாதம் தர வேண்டியிருக்கிறது. அதுவும் இல்லாதவள் 'என் தோழிக்கு' என்று ஆரம்பிப்பாள். கீழே பெயர் இருக்காது. ஊர் மட்டும் இருக்கும். பதிலுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. 'கவலை வேண்டாம்' என்று தொடங்கி, 'அருகிலுள்ள மகப்பேறு மருத்துவரை அணுகவும்' என்று முடியும். பிள்ளைப்பேற்றோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத அரிப்புக்கும் எரிச்சலுக்கும்கூட அவள் மகப்பேறு மருத்துவரிடம்தான் போக வேண்டும். கதவில் மாட்டியிருக்கிற பலகையே அவள் எதற்காக உள்ளே வரலாம் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

மிஷேல் ஃபூக்கோ 'பாலியலின் வரலாறு' முதல் தொகுதியில் (1976) மேற்கத்திய சமூகம் பாலியலைப் பேசவிடாமல் அடக்கியது என்ற பொதுக்கருத்தைக் கேள்விக்குள்ளாக்கினார். பாவமன்னிப்புக் கூண்டில் தொடங்கி மருத்துவர் அறை வரைக்கும் 'சொல்லு, சொல்லு' என்று தூண்டிக்கொண்டே இருந்ததுதான் அதன் வரலாறு. சொல்ல வைப்பதே அதிகாரத்தின் வேலை என்றார். இதை அப்படியே தூக்கிவந்து நம் 'டாக்டர் பதில்கள்' மேல் ஒட்டிவிட முடியாது. இங்கே நடப்பது தூண்டல் என்பதைவிட அனுமதி. மனைவியாக, அம்மாவாக, நாளை மனைவியாகப் போகிறவளாகப் பேசு. அதற்கு மட்டும் இடம் உண்டு. விதவை, கணவனை விட்டு வந்தவள், பெண்ணோடு வாழும் பெண், நாற்பது வயதிலும் கல்யாணம் செய்துகொள்ளாதவள் ஆகியோருக்கு கருப்பை வாய் உண்டு, ஆனால் கேள்வி கேட்க வாய் இல்லை.

2

சொற்களைக் கவனிப்போம். மாதவிலக்கு, வீட்டுக்குத் தூரம், தீட்டு, முட்டு. எல்லாமே விலக்கத்தின் சொற்கள். உடம்பில் என்ன நடக்கிறது என்று இவற்றில் ஒன்றும் சொல்வதில்லை. அவளை எங்கே உட்கார வைக்க வேண்டும் என்று சொல்கின்றன. இது வெறும் பேச்சும் இல்லை. மதுரை மாவட்டம் கூவலாபுரத்தில் மாதவிலக்கான பெண்களைத் தங்கவைக்கும் 'முட்டுத்துறை' பற்றி 2020வாக்கிலும் செய்தி வந்தது. 'முழுகாம இருக்கா' என்றால் கர்ப்பம் என்று அர்த்தம். தீட்டுக் கழிக்கிற குளியல் நின்றுபோனதுதான் கர்ப்பத்துக்கே பெயர். 'தூமை' என்கிற சொல் தெற்கே வசைச்சொல்லாகப் புழங்குகிறது. அதே சொல்லைக் கையில் எடுத்துத்தான் சிவவாக்கியர் ஆசாரத்தைப் பார்த்து, நீயும் அதிலிருந்துதானே உருவானாய் என்று மடக்கினார்.

மருத்துவத் தமிழ் இந்த விலக்கச் சொற்களைக் கழுவிவிட்டு வேறொரு அகராதியைக் கொண்டுவந்தது. பிறப்புறுப்பு, இனப்பெருக்க மண்டலம், தாம்பத்யம், மார்பகம். கண்ணியமான சொற்கள். ஆனால் 'பிறப்புறுப்பு' என்ற சொல் அந்த உறுப்பு எதற்காக இருக்கிறது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. பிறப்புக்கு உதவாத உறுப்புக்கு அங்கே பெயர் கிடையாது. கிளிட்டோரிஸ் என்பதற்குப் புழக்கத்தில் இருக்கிற ஒரு தமிழ்ச் சொல்லை எந்தக் கூட்டத்திலாவது நம்மால் கூச்சமில்லாமல் சொல்ல முடியுமா? இதில் தமிழை மட்டும் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ஹெலன் ஓ'கானல் அந்த உறுப்பின் பெரும்பகுதி உள்ளே இருக்கிறது என்பதையும் பாடநூல்கள் அதை எவ்வளவு குறைத்துக் காட்டிவந்தன என்பதையும் உடற்கூறு ஆய்வாக வெளியிட்டது 1998இல்தான். மனிதன் நிலவுக்குப் போய் வந்து 29 ஆண்டுகள் கழித்து.

2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு வந்தபோது எழுந்த கூச்சல் நினைவிருக்கலாம். 'மார்பகப் புற்றுநோய்' என்று சுவரில் எழுதலாம், 'முலைகள்' என்று அட்டையில் போடக்கூடாது. நோயாக இருக்கும்வரை, பால் சுரக்கும்வரை அது அனுமதிக்கப்பட்ட உறுப்பு. ஒரு பெண் அதைத் தன்னுடையது என்று சொன்ன மறுகணமே அது ஆபாசம். டாக்டர் பத்தியின் கண்ணியமும் தணிக்கைக்காரரின் கோபமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்பதை நாம் அப்போது போதுமான அளவு பேசவில்லை.

3

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்விக்கு வருவோம். வெள்ளைப்படுதல்.

முதலில், தெரிந்திருக்க வேண்டிய விஷயம். யோனியில் ஈரம் இருப்பது நோயல்ல. மாதச் சுழற்சியின் நடுவில், கருமுட்டை வெளிவரும் நாட்களில், அது முட்டை வெள்ளைக்கரு மாதிரி நீளும். மற்ற நாட்களில் கெட்டியாக இருக்கும். யோனிக்குள் வாழும் லாக்டோபாசில்லஸ் என்னும் நுண்ணுயிர்கள் அமிலம் சுரந்து அங்கே பி.எச். அளவை 3.8க்கும் 4.5க்கும் இடையில் வைத்திருக்கின்றன. சோப்பும் டெட்டாலும் போட்டு உள்ளே கழுவினால் கெடுவது அந்தப் பாதுகாப்புதான். தயிர்த்திரி மாதிரி வந்து கடுமையாக அரித்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சாம்பல் நிறத்தில் நீர்த்து, மீன் வாடை அடித்தால் பாக்டீரியாச் சமநிலை குலைந்திருக்கலாம். மஞ்சளும் பச்சையுமாக நுரைத்து வந்தால் அது டிரைக்கோமோனாஸ் என்னும் பாலுறவுத் தொற்றாக இருக்கலாம். அப்போது மருந்து அவளுக்கு மட்டும் போதாது, அவனுக்கும் வேண்டும். இல்லையென்றால் திரும்பத் திரும்ப வரும். கண்ணால் பார்த்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது, சோதனை வேண்டும். இவ்வளவுதான். இதைச் சொல்ல அரைப் பக்கம் போதும். சொல்லப்படுவது என்னவோ 'சுத்தமாக இருங்கள்' என்பது. சுத்தம் என்ற சொல் வந்தவுடனே நோய் அவளுடைய ஒழுக்கக் குறைவாக மாறிவிடுகிறது. அவனுக்கு மருந்து வேண்டும் என்கிற விஷயம் காணாமல் போய்விடுகிறது.

இரண்டாவது விஷயம் இன்னும் சிக்கலானது. பெண்கள் கூட்டங்களில் இந்தக் கேள்வியை நான் பலவிதமாகக் கேட்டிருக்கிறேன். 'உடம்பே உருகிப் போவுதுக்கா', 'எலும்பு கரைஞ்சு வருதுங்கிறாங்களே, நெசமா?' எலும்பு உருகி வருவதில்லை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அந்தச் சொல் எதைச் சுமந்து வருகிறது என்று கேட்க வேண்டும். மனநல ஆய்வாளர் விக்ரம் படேலும் உடன் ஆய்வாளர்களும் கோவாவில் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைப்படுவதாகச் சொன்ன பெண்களிடம் தொற்றைவிட மனச்சுமையும் வாழ்க்கை நெருக்கடியும்தான் அந்தப் புகாரோடு வலுவாகத் தொடர்புற்றிருந்தன. அதாவது 'வெள்ளை' என்பது ஒரு மொழி. களைப்பை, ராத்திரி விரும்பாத உறவை, அடியை, சோறு போதாததைச் சொல்ல வேறு வார்த்தை அனுமதிக்கப்படாதபோது அவள் இந்த வார்த்தையில் சொல்கிறாள். டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுக்கிறார்.

அதற்காக 'எல்லாம் மனசுதான்' என்று தள்ளிவிடவும் முடியாது. ராணி பங், அபய் பங் குழுவினர் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் இரண்டு கிராமங்களில் செய்து 1989இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. சோதிக்கப்பட்ட 650 பெண்களில் 92 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு மகளிர் நோய் இருந்தது. அதற்கு முன் ஒருமுறையாவது அத்தகைய பரிசோதனை செய்யப்பட்டவர்கள் 8 சதவீதம் பேர். அதுவரை கிராமத்துப் பெண்ணின் உடம்பு பற்றி அரசு எழுப்பிய கேள்வி ஒன்றுதான்: எத்தனை பிள்ளை, எப்போது ஆபரேஷன்? அவள் கேட்க நினைத்த கேள்விக்கு அங்கே பதிவேடே இல்லை.

4

பதில் தெரிந்தும் சொல்லாமல் வைத்திருப்பது என்ன என்பதற்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய் ஹெச்.பி.வி. என்னும் வைரஸால் வருகிறது; இதைக் காட்டியதற்காக ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. புற்றாக மாறப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் கண்டுபிடித்தால் தடுத்துவிடலாம். நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, சமையலறை வினிகரில் இருக்கிற அதே அமிலத்தைக் கருப்பை வாயில் தடவினால் மாறிப்போன திசு வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியர் போதும். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கி 30 முதல் 59 வயதுப் பெண்களிடையே இதைச் சோதித்தார்கள். 2007இல் 'லான்செட்'டில் முடிவு வந்தது. சோதனைக்கு அழைக்கப்பட்ட பிரிவில் சுமார் 49,000 பெண்கள், மற்ற பிரிவில் சுமார் 31,000 பேர். முதல் பிரிவில் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன.

பெரிய சாதனை, மறுக்கவில்லை. செவிலியர்கள் செய்த சாதனை என்பது இன்னும் முக்கியம். ஆனால் இந்த 35 சதவீதம் என்கிற எண் எப்படிக் கிடைத்தது? ஒப்பிடுவதற்கு மற்றொரு பிரிவு தேவைப்பட்டது. அந்தப் பிரிவுப் பெண்களுக்கு நலக்கல்வியும் 'வழக்கமான கவனிப்பும்' தரப்பட்டன. அந்த 'வழக்கமான கவனிப்பு' என்பதில் இந்தப் பரிசோதனை கிடையாது. திண்டுக்கல், மும்பை, உஸ்மானாபாத் ஆகிய மூன்று இடங்களில் நடந்த இத்தகைய ஆய்வுகளின் அறம் குறித்து 2014இல் மருத்துவ அற இதழ்களில் கடும் விவாதம் எழுந்தது. நம் இலக்கிய வட்டாரத்தில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. 'அறிவு x அதிகாரம்' என்று பக்கம் பக்கமாக எழுதிய நமக்கு, அந்தச் சமன்பாடு பக்கத்து மாவட்டத்து ஊராட்சிகளில் பெண்களின் கருப்பை வாயில் எழுதப்பட்டது தெரியாமல் போனது.

அந்தப் பரிசோதனை பிறகு தமிழக அரசின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தது. ஆனாலும் 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30-49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது இப்பரிசோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 10 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே, இந்திய அளவில் 2 சதவீதத்துக்கும் குறைவு. உறவுக்குப் பின் ரத்தம், மாதவிலக்கு நின்ற பின் ரத்தம், இரண்டு விலக்குக்கு நடுவே ரத்தம். இம்மூன்றில் எது வந்தாலும் உடனே போய்ப் பார்க்க வேண்டும் என்பது 'தாம்பத்யம்' என்ற சொல்லின் கீழ் அச்சாவதற்குள் பல பேர் போய்விடுகிறார்கள்.

5

அடுத்த கேள்வி: 'கர்ப்பப்பையை எடுத்துடலாமா?'

இது அவளாகக் கேட்கிற கேள்வியா என்பதே முதல் கேள்வி. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களிடையே 2019இல் கணக்கெடுத்தபோது, சுமார் 82,000 பேரில் 13,000க்கும் மேற்பட்டவர்கள் கர்ப்பப்பையை எடுத்துவிட்டிருந்தார்கள். ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் ஒப்பந்தக்காரருக்கு அபராதம். விலக்கு நாளில் வயல்காட்டில் மறைவிடம் இல்லை, தண்ணீர் இல்லை. மருத்துவமனையில் 'எடுக்காட்டி புத்து வந்துரும்' என்று பயமுறுத்தல். இந்த மூன்றும் சேர்ந்து உண்டாக்கிய 'விருப்பம்' அது. அதே 2019இல் தமிழ்நாட்டின் ஆயத்த ஆடை ஆலைகளில் மாதவிலக்கு வலிக்கு உறையில் பெயர்கூட இல்லாத மாத்திரைகளைக் கொடுத்து வேலை வாங்குவதை தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். மாதச் சுழற்சிக்கும் உற்பத்திச் சுழற்சிக்கும் முரண் வரும்போது எது நிறுத்தப்படும் என்பதில் மூலதனத்துக்குக் குழப்பமே இல்லை.

அரசின் கதையும் வேறல்ல. மேலே சொன்ன 2019-21 ஆய்வில் பெண் கருத்தடை அறுவை 37.9 சதவீதம், ஆண் கருத்தடை அறுவை 0.3 சதவீதம். ஆணுக்குச் செய்வது எளிது, ஆபத்தும் குறைவு என்பது எல்லா டாக்டருக்கும் தெரியும். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே நாளில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு அறுவை செய்தார்கள். பத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். இப்படிக் கூட்டம் கூட்டமாகச் செய்யும் முகாம்களை நிறுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட வேண்டியிருந்தது.

இங்கே பெரியாரை நினைவுகூராமல் இருக்க முடியாது. கர்ப்பத்தடையை ஆதரித்தவர்களில் மற்றவர்கள் பெண்ணின் ஆரோக்கியம், குடும்ப வருமானம், நாட்டின் வறுமை என்று காரணம் சொன்னபோது, 1930களின் தொடக்கத்திலேயே அவர் பெண் விடுதலைக்காகத்தான் வேண்டும் என்று தன் காரணத்தைத் தனியே பிரித்து வைத்தார். பிற்பாடு ஆட்சிக்கு வந்தவர்கள் அவரிடமிருந்து கர்ப்பத்தடையை எடுத்துக்கொண்டார்கள், காரணத்தை விட்டுவிட்டார்கள். சுவரெழுத்தில் இருந்தது நாட்டின் பாரம்.

கருக்கலைப்புச் சட்டமும் இதே கேள்வி-பதில் இலக்கணத்தில்தான் நிற்கிறது. 1971இல் வந்த சட்டம், 2021இல் திருத்தப்பட்டது. கல்யாணமாகாதவர்களுக்கும் சமமாகப் பொருந்தும் என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டும் போதும், புருஷன் கையெழுத்து சட்டப்படி தேவையே இல்லை. இது பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும் கவுன்டரில் 'வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா' என்கிறார்கள். ஆனால் சட்டத்தின் அடித்தளத்தில் இருப்பது அவளுடைய முடிவு அல்ல, மருத்துவரின் அபிப்பிராயம். அவள் கேட்கலாம், அவர் தீர்மானிப்பார்.

கேள்வி கேட்கும் உரிமை எப்போதும் அவள் பக்கமும் இருப்பதில்லை. பலாத்காரம் செய்யப்பட்ட பெண்ணின் உடம்பில் இரண்டு விரலை விட்டு 'பழக்கப்பட்டவளா' என்று அரசு கேட்டுக்கொண்டிருந்தது. 2013இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது, 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தடைசெய்யச் சொன்னது, அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது. 'கன்னித்திரை' பற்றி டாக்டருக்கு எழுதும் பெண்ணின் பயமும் இந்தப் பரிசோதனையும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டிருப்பவை. அந்தச் சவ்வைப் பார்த்து யாருடைய கடந்த காலத்தையும் சொல்ல முடியாது; கன்னித்தன்மைச் சோதனைக்கு அறிவியல் அடிப்படையே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் அறிவித்துவிட்டது.

6

தீட்டு ஒழிந்து சுகாதாரம் வந்துவிட்டது என்று நம் முற்போக்காளர்கள் சொல்வதுண்டு. பள்ளிப் பெண்களுக்கு இலவச நாப்கின் தரும் 'புதுயுகம்' திட்டம் 2012 முதல் இங்கே இருக்கிறது. நல்லது. 2017இல் நாப்கினுக்குப் போட்ட 12 சதவீத ஜி.எஸ்.டி. வரியை எதிர்ப்பு வந்த பிறகு 2018 ஜூலையில் எடுத்தார்கள். அதுவும் நல்லது. ஆனால் தீட்டு என்பது வெறும் நம்பிக்கை அல்ல, அது ஒரு வேலைப் பிரிவினை. மேல்சாதி வீட்டுத் தீட்டுத்துணியை வெளுத்தது வண்ணாத்தி. பிள்ளை பிறக்கும்போது கை வைத்தது மருத்துவச்சி. அறிவும் அவர்களிடம்தான் இருந்தது, இழிவும் அவர்கள் மேல்தான் சுமத்தப்பட்டது. எனவே 'பாட்டி வைத்தியம்' என்று இன்று பொதுவாகப் பெருமை பேசுகிறவர்கள் அது யாருடைய பாட்டி என்றும் சொல்ல வேண்டும். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) வந்தபோது நாம் சண்டை போட்டோம். அந்தச் சண்டை புத்தகத்தைப் பற்றி நடந்தது, துணியைப் பற்றி நடக்கவில்லை.

இன்று துணிக்குப் பதிலாக நாப்கின். அதை வெளுக்க வேண்டாம், தூக்கிப் போட்டுவிடலாம். போடுவது எங்கே? தாளில் சுற்றித் தனியே கொடுக்க வேண்டும், அதற்கான உறையைத் தயாரிப்பாளரே தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் சொல்லின. குப்பை லாரியில் கையால் பிரிப்பவரைக் கேட்டுப் பாருங்கள், அந்த உறை எத்தனை வருகிறது என்று. வண்ணாத்தியிடமிருந்து தூய்மைப் பணியாளரிடம் வேலை கைமாறியிருக்கிறது. சாதி பெரும்பாலும் கைமாறவில்லை. டாக்டர் பத்தியில் 'எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்' என்ற கேள்வி வரும். மாற்றியதை யார் எடுக்கிறார்கள் என்ற கேள்வி வராது.

7

இதையெல்லாம் இந்த மாதிரி பத்திரிகையில் ஏன் எழுத வேண்டும் என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். 'இது மருத்துவப் பிரச்சினை, நாம் சித்தாந்தம் பேசுகிறோம்.' உடலரசியல், உடல்மொழி, உடலின் கொண்டாட்டம் என்று நாம் எழுதியதைத் திரட்டினால் ஒரு பெட்டி நிறையும். அந்த எழுத்தில் வருகிற உடம்புக்கு மூத்திரம் முட்டுவதில்லை, அரிப்பதில்லை, இடுப்பு வலிப்பதில்லை. உடலைக் குறியீடாக்கிவிட்டால் பரிசோதனை மேசைக்கு அனுப்ப வேண்டியதில்லை. டாக்டர் பத்தி அவளைக் கருப்பையாகச் சுருக்கியது என்றால், நாம் அவளை உருவகமாக ஆவியாக்கிவிட்டோம்.

அந்தப் பத்தியை மூடச் சொல்லவில்லை. எத்தனையோ பேருக்கு அது ஒன்றுதான் ஜன்னல். ஆனால் அந்த வடிவம் ஒவ்வொரு கேள்வியையும் தனித்தனிப் பெண்ணின் ரகசியமாக மாற்றுகிறது. ஊர் பெயர் மட்டும் போட்டு வரும் நூறு கடிதங்களும் ஒரே கடிதம் என்பது அவர்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்கிறது. ஜவுளிக்கடையில் வேலை செய்யும் பெண்ணுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 'நிறையத் தண்ணீர் குடியுங்கள், சிறுநீரை அடக்காதீர்கள்' என்பது மருத்துவப்படி சரியான பதில். பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைத்து, பாத்ரூம் போக மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டிய கடையில் அந்தச் சரியான பதிலால் அவள் என்ன செய்வாள்? தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வாள்.

கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் இதைக் கடிதமாக எழுதவில்லை. ஒன்றாகச் சேர்ந்து தெருவில் கேட்டார்கள். 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. 2021இல் தமிழ்நாட்டிலும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்ற திருத்தம் வந்தது. நாற்காலி இருக்கிறதா, அதில் உட்கார விடுகிறார்களா, அந்த மாடியில் பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா, அதில் தண்ணீர் வருகிறதா... அடுத்த முறை ஜவுளி எடுக்கப் போகும்போது பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். பெண்ணுடம்பு பற்றிய கட்டுரையாக அதை இந்த இதழ் வெளியிட வேண்டும்.